அப்பாவுக்குத் தனிச்சட்டி எதற்கு?

கேள்வி இது: "கோவில்பட்டியில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேர். அப்பாவுக்கு 57 வயது. நாலு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிரஷர் மாத்திரை முன்பிருந்தே உண்டு. சர்க்கரை எல்லையில் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து தேங்காய், முட்டை, நிலக்கடலை, நெய், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அம்மா அவருக்கு மட்டும் எண்ணெய் இல்லாமல் தனியாகச் சமைக்கிறார். ஏழு கிலோ இறங்கிவிட்டார். தட்டைப் பார்த்தாலே எரிந்து விழுகிறார். எந்த எண்ணெய் நல்லது? எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று ஒரு பட்டியல் தர முடியுமா? காபி குடிக்கலாமா என்றும் கேட்கச் சொன்னார்."

பட்டியல் தரலாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக இதய நோயாளிகளுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. நான் எழுதிக் கொடுத்த தாள்கள் எத்தனை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டு, யாரும் பார்க்காமல் பழுப்பேறிப் போயின என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் உங்களிடம் வேறொரு பட்டியலைக் கேட்டேன். மாதம் பிறந்தால் கடைக்காரருக்குக் கொடுக்கும் மளிகைச் சீட்டு. நீங்கள் அனுப்பியதில் எனக்கு வேண்டியவை இவ்வளவுதான்: கடலை எண்ணெய் மூன்று லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, சூரியகாந்தி ஒன்று. உப்பு ஒரு கிலோ. சர்க்கரை ஐந்து கிலோ. துவரம்பருப்பு இரண்டு, உளுந்து இரண்டு, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், பிஸ்கட், ரஸ்க்.

இந்தச் சீட்டு போன மாதத்தது. அதாவது அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் கழித்து எழுதியது. அப்பாவின் சட்டியில் எண்ணெய் நின்றுவிட்டது, வீட்டுக்கு வரும் எண்ணெய் குறையவில்லை. மற்ற மூன்று பேரும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கும் அதே அப்பாதானே? பரம்பரையாக வரும் ஆபத்து அவனுக்கும் கொஞ்சம் உண்டு. அதனால் நான் முதலில் சொல்வது, அந்தத் தனிச்சட்டியை எடுத்து அலமாரியில் வையுங்கள். மாற்ற வேண்டியது பெரிய சட்டியை.

எண்ணெயைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். ஐந்து லிட்டரை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது மாதம் மூன்றரை லிட்டர். அப்பாவின் நிலைமையைப் பார்த்து நான் மூன்று லிட்டர் என்று சொல்வேன். பூஜ்யம் என்று சொல்லவே மாட்டேன். எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கத்திரிக்காயை எத்தனை நாள் ஒரு மனிதர் சாப்பிடுவார்? அதுவும் பக்கத்துத் தட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்பு மணக்கும்போது.

எந்த எண்ணெய் என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. எவ்வளவு எண்ணெய் என்று யாரும் கேட்பதில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுமே நல்லவைதான். இரண்டிலும் உறைகொழுப்பு (saturated fat) ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. மீதி பெரும்பாலும் ரத்தத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்லை ஏற்றாத வகை. மாற்றி மாற்றி வாங்குங்கள், போதும். மரச்செக்கில் ஆட்டியதா என்று கேட்டால், மணமும் ருசியும் நிச்சயம் கூடும். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பின் வகையைச் செக்கு மாற்றுவதில்லை. செக்கு எண்ணெய் என்பதால் தாராளமாக ஊற்றலாம் என்று ஒரு நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி என்பது எல்லா எண்ணெய்க்கும் ஒன்றுதான். பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. தண்ணீர் பாட்டிலில் "எலும்பு இல்லாதது" என்று போடுகிற மாதிரிதான் அது.

அடுத்து, தேங்காய். இதில்தான் சண்டை அதிகம் நடக்கும், அதனால் நின்று சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறைகொழுப்பு. நெய்யைவிட அதிகம். "எங்கள் தாத்தா தேங்காயெண்ணெயில்தான் சாப்பிட்டார், தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்று ஒருவர் தவறாமல் சொல்வார். இருந்திருப்பார். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது என்று 2020-இல் தெளிவாகவே எழுதினார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்தப் பத்துப் புள்ளி வேண்டாதது. ஆகவே சமையல் எண்ணெயாகத் தேங்காயெண்ணெய் வேண்டாம். உங்கள் சீட்டிலும் அது இல்லை, நல்லது.

தேங்காய்ச் சில் வேறு கதை. 100 கிராம் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு, கூடவே நார்ச்சத்தும் உண்டு. நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு மூடி அரைத்தால் உறைகொழுப்பு அளவை அதுவே பெரும்பகுதி தின்றுவிடும். அரை மூடியோடு நிறுத்தினால் ஆளுக்கு ஐந்தாறு கிராம்தான் உறைகொழுப்பு. அதைத் தாங்கிக்கொள்ளலாம். அரை மூடி எப்படிப் போதும் என்று அம்மா கேட்பார். சட்னிக்குப் பாதித் தேங்காய், பாதி வறுத்த நிலக்கடலை அல்லது பொட்டுக்கடலை. பொரியல் மேல் தூவுவது ஒரு ஸ்பூன். குழம்புக்குத் தேங்காய் அரைக்கிற அன்று சட்னி தக்காளியிலோ மல்லியிலோ இருக்கட்டும். இவ்வளவுதான் வித்தை. நெய்யும் இதே மாதிரி: ஒரு டீஸ்பூனில் சுமார் 3 கிராம் உறைகொழுப்பு. வாரத்தில் ரெண்டு நாள் சூடான பருப்புச் சோற்றில் ஒரு டீஸ்பூன் விட்டுக் கொடுத்தால் அப்பாவின் கோபம் பாதி அடங்கும். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நிலக்கடலையை நிறுத்தியதற்கு உங்களோடு எனக்குக் கொஞ்சம் கோபம். கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு கடலை கூடாது என்கிறீர்கள்! கடலையில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. நூறு கிராமில் கால் பங்கு புரதம். கொழுப்பு பாதி இருந்தாலும் பெரும்பாலும் நல்ல வகை. 2013-இல் ஸ்பெயினில் ஏழாயிரத்து சொச்சம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. நடத்திய முறையில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, 2018-இல் திருத்தித் திரும்ப வெளியிட்டார்கள். திருத்திய பிறகும் முடிவு மாறவில்லை: ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ தாராளமாகச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் முப்பது சதவீதம் குறைவு. அங்கே கொடுத்தது வால்நட், பாதாம், ஹேசல்நட். நம் ஊரில் அந்த இடத்தில் பெருமளவு நிலக்கடலையை வைக்கலாம் என்பது என் கருத்து. பாதாமும் பிஸ்தாவும் வாங்கித்தான் இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நம்மில் பாதிப் பேருக்கு இதயமே இருக்கக் கூடாது. தினம் ஒரு கைப்பிடி, அவித்தோ வறுத்தோ. உப்புக்கடலை வேண்டாம். மிட்டாய் வடிவத்தில் என்றால் வெல்லப்பாகு கணக்கில் சேரும். அதை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கு வருவோம். பிரஷரும் ஸ்டென்ட்டும் சேர்ந்த வீட்டில் எண்ணெயைவிட இது பெரிய விஷயம், ஆனால் யாருக்கும் கண்ணில் படாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. அது ஒரு டீஸ்பூன், தலைதட்டி. நீங்கள் மாதம் ஒரு கிலோ வாங்குகிறீர்கள், ஆளுக்கு 8.3 கிராம் வருகிறது. இதில் ஊறுகாயும் அப்பளமும் சேரவில்லை. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களிடம் உப்பைக் குறை என்று சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாதம் 600 கிராம் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் குறைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு சிட்டிகை வீதம் இறக்கினால் நாக்கு பழகிவிடும். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பழைய அளவு உப்பு போட்ட சாம்பாரே கரிக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து இறங்கினால்தான் இது நடக்கும். அப்பாவுக்கு மட்டும் உப்பைக் குறைத்து, சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் வைத்தால் அவர் கை தானாக அங்கே போகும். சோற்று உலையில் உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், ஒருவருக்கும் தெரியாது. புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, பெருங்காயம் ஆகியவற்றைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைவது தெரியாமல் போகும். தென் மாவட்டச் சமையலில் இது எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

மறைந்திருக்கும் உப்புதான் ஏமாற்றும். கஞ்சிக்கு மோர்மிளகாய் தொட்டுக்கொள்வது வழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அது மோரிலும் உப்பிலும் நாள் கணக்கில் ஊறி வெயிலில் காய்ந்தது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான். பஜ்ஜி மாவில் போடும் சோடா உப்பும் அப்படியே. கருவாடு பற்றிச் சொல்லவே வேண்டாம். வடகம், வத்தல், ஊறுகாய் எல்லாம் ஒரு காலத்தில் காய்கறி கிடைக்காத மாதங்களுக்காகச் சேர்த்து வைத்தவை. இப்போது காய்கறியும் இருக்கிறது, வத்தலும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம். இதில் எது இல்லாமல் அப்பாவால் முடியாது என்று அவரிடமே கேளுங்கள். ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், வாரம் ஒரு முறை. மற்றதைச் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

இந்துப்பு, கல்லுப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான். "இந்துப்பு பிரஷரை ஏற்றாது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அதோடு அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்கள், அது மட்டும் நிஜமாகவே வேறு. அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஐந்து வருடம் நடத்திய ஆய்வில் இந்த மாதிரி உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-இல் வெளிவந்தது. ஆனால் அப்பாவுக்கு உடனே வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தினமும் இளநீர் குடிக்கலாமா என்பதற்கும் இதே பதில்தான்.

சர்க்கரை: மாதம் ஐந்து கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 42 கிராம். இருபத்தைந்துக்குள் இருந்தால் நல்லது, அதாவது மூன்று கிலோ. நாட்டுச் சர்க்கரை, உடன்குடி கருப்பட்டி என்று மாற்றினாலும் அளவு அதேதான். அப்பாவுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்பதால் கருப்பட்டிக் காபியை மருந்து மாதிரி நினைத்துக் குடிக்க வேண்டாம். பிஸ்கட், ரஸ்க் இரண்டையும் நோயாளிச் சாப்பாடு என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பாக்கெட் கொண்டுவருவார்கள். மைதா, சர்க்கரை, பெரும்பாலும் பாமாயில், அவ்வளவுதான் அதில் இருப்பது. கடலையை நிறுத்திவிட்டு மாலையில் நாலு மேரி பிஸ்கட் கொடுப்பது தலைகீழ்.

இப்போது உங்கள் சீட்டில் எனக்கு நிஜமாகவே கவலை தந்த இடம் பருப்பு. எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ, அதிலும் உளுந்தில் பெரும்பகுதி இட்லி மாவுக்குள் போய்விடும். நான் மேலே சொன்ன 2024 வழிகாட்டியில் பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 85 கிராம் என்று இருக்கிறது. நாலு பேருக்கு மாதம் பத்து கிலோ. மீனையும் முட்டையையும் வேறு நிறுத்திவிட்டீர்கள். அப்பா ஏழு கிலோ இறங்கியதற்குக் காரணம் எனக்கு இங்கே தெரிகிறது. வயிறு குறைந்திருந்தால் சந்தோஷம். தோளும் தொடையும் வற்றியிருந்தால் அது சதை கரைவது. எப்படியும் இவ்வளவு எடை குறைந்ததை அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊரைச் சுற்றிக் கரிசல் காடு. மானாவாரியில் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் விளைகிற மண். வெளியூரிலிருந்து வரும் ஓட்ஸைத் தேட வேண்டியதில்லை. (ஓட்ஸ் நல்லதுதான். அதில் இருக்கும் ஒரு வகை நார் எல்.டி.எல்லைக் குறைக்கிறது. பிடித்தால் சாப்பிடட்டும், பிடிக்காமல் கஷ்டப்பட்டு விழுங்க வேண்டாம்.) முளைகட்டின பாசிப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு என்று தினம் ஒன்று, அரைக் கப் சுண்டலாகவோ குழம்பிலோ. தோலோடு இருக்கும் பயறில் கரையும் நார் உண்டு. அது குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றும். கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். மாத்திரை அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் தினமும் நடக்கும் வேலை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். உங்கள் அப்பா இப்போது முதல் கட்சிக்கு மாறிவிட்டார் போலிருக்கிறது, அதனால் எள்ளுத் துவையலும் சேரட்டும்.

மீனை ஏன் நிறுத்தினீர்கள் என்று புரியவில்லை. சாளை வாங்குங்கள். மத்தி என்றும் சொல்வார்கள். விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் அதில் நிறைய. நெத்திலி, கானாங்கெளுத்தி இரண்டும் அந்த வரிசைதான். வாரத்துக்கு இரண்டு நாள், குழம்பாக. எண்ணெயில் முங்கப் பொரித்தால் பாதிப் பயன் போய்விடும். தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுட்டு எடுக்கலாம். முட்டை வாரத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்கருவில் கொலஸ்ட்ரால் சுமார் 185 மில்லிகிராம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சாப்பிடும் கொலஸ்ட்ராலைவிட உறைகொழுப்புதான் ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுகிறது என்று தெரிந்த பிறகு முட்டை மேல் இருந்த பயம் குறைந்துவிட்டது. வெள்ளைக்கருவுக்குக் கணக்கே வேண்டாம். ஆட்டுக்கறி மாதம் ஒன்றிரண்டு முறை, கொழுப்பு நீக்கி. ஈரல், குடல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

அரிசியைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. கொழுப்பு என்றால் எண்ணெயும் கறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நல்ல கொழுப்போ (எச்.டி.எல்) குறைந்துவிடும். உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு 240 என்று இருக்கிறது. எண்ணெயே இல்லாத சாப்பாட்டில் இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ரசஞ்சோற்றிலிருந்து என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். எண்ணெய், பருப்பு, மீன் எல்லாம் போனால் வயிற்றை நிரப்ப அரிசிதானே மிச்சம்? அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமைக்காத அளவில் 250 கிராம் போதும். கம்பு, சோளம், குதிரைவாலி நல்லவை. ஆனால் அவையும் மாவுச்சத்துதான். சோற்றுக்குப் பதில் மலை மாதிரி குதிரைவாலிச் சோறு போட்டுக்கொண்டால் கணக்கு மாறாது.

தட்டில் சோறு குறைந்த இடத்தைக் காய்தான் நிரப்ப வேண்டும். ஆளுக்கு 400 கிராம், அதில் கீரை 100. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். பெரும்பாலான வீடுகளில் இதில் பாதிகூட வாங்குவதில்லை. சுரை, பீர்க்கு, வெண்டை, அவரை, முருங்கை, புடலை எல்லாம் ஒன்றுதான், மலிவாக இருப்பதை வாங்குங்கள். உருளையும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் வராது. கீரை சாப்பிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை வேலை செய்யாது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அது வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைக்கு உரிய எச்சரிக்கை. அவர்கள்கூட கீரையை விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட வேண்டும். ஸ்டென்ட்டுக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டுக்கும் கீரைக்கும் சண்டையில்லை. அப்பாவின் சீட்டில் இருப்பவை அவைதான்.

வெளிச் சாப்பாடு. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு அப்பா ரசிகர் என்று தெரிகிறது. சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திருநெல்வேலி அல்வா: உங்கள் ஊரைச் சுற்றி நாலு திசையிலும் சோதனைதான். இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதியில் இதயத்துக்கு மிகவும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெய்க்கு என்ன செய்வது? எண்ணெய் பரோட்டா மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒன்று, சால்னா தொட்டுக்கொள்ள மட்டும். திருட்டுத்தனமாகப் போய் நாலு சாப்பிடுவதைவிட உங்களோடு போய் ஒன்று சாப்பிடட்டும். காராச்சேவு வீட்டுக்கு வரவே வேண்டாம். டப்பாவில் இருந்தால் கை போகும்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர், தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பியிருந்தீர்கள். கரையாது. ரத்தக் குழாய்ச் சுவருக்குள் வருடக்கணக்கில் படிந்ததைச் சாறு போய்த் தொடவே முடியாது. ரசத்தில் பூண்டு போட்டுச் சாப்பிடுங்கள், அது போதும். இதை நம்பி கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்களைத் திரும்பவும் வார்டில் பார்த்திருக்கிறேன். நான் சொல்லும் எந்தச் சாப்பாடும் மாத்திரைக்குப் பதில் இல்லை. இன்னொன்று, அப்பாவின் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் பம்ப் செய்யும் சக்தி குறைவு என்று போட்டிருந்தால் தண்ணீர், உப்பு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், என் கணக்கு அங்கே செல்லாது.

வீடு முழுக்க மாற வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று அம்மா கேட்டால் பின்லாந்துக் கதையைச் சொல்லுங்கள். அங்கே கிழக்கே வட கரேலியா என்ற பகுதி. 1970 வாக்கில் நடு வயது ஆண்கள் மாரடைப்பில் சரசரவென்று செத்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, சிகரெட், காய்கறி கிடையாது. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் நோயாளிகளை மட்டும் பிடித்து உட்காரவைத்து அறிவுரை சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து வீட்டுச் சமையலை மாற்றினார்கள். அவர்களுடைய பாரம்பரிய இறைச்சிக் குழம்பையே கறியைக் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். பால் பண்ணைக்காரர்களைப் பழச் சாகுபடி பக்கம் திருப்பினார்கள். சிகரெட்டும் குறைந்தது, பிறகு மருந்துகளும் வந்தன. நாற்பது வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களில் இதய நோய்ச் சாவு எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்தப் பெண்கள் யாரும் வீட்டுக்காரருக்குத் தனிச்சட்டி வைத்ததாக நான் படித்ததில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். அடுத்த மாதச் சீட்டை இப்படி எழுதுங்கள்: எண்ணெய் மூன்று லிட்டர், உப்பு 600 கிராம், சர்க்கரை மூன்று கிலோ, பருப்பும் பயறும் ஏழு கிலோ, பச்சை நிலக்கடலை மூன்று கிலோ. பிஸ்கட், ரஸ்க்கை அடித்துவிடுங்கள்; ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயில் அப்பா கேட்ட ஒன்று போக மற்றவற்றையும் அடித்துவிடுங்கள். எண்ணெய் கேனைத் திறக்கும் அன்று அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள். பத்து நாளுக்கு ஒரு லிட்டர். எட்டாம் நாளே தீர்ந்தால் மீதி இரண்டு நாள் ஆவியில் வெந்ததும், குழம்பும். மாத்திரையோடு இதையும் செய்து, டாக்டர் சொல்லும் நாளில் கொழுப்புப் பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். டிரைகிளிசரைடு இறங்கியிருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. நடைப்பயிற்சி, சிகரெட் பற்றி அவருக்கே தெரியும், நான் திரும்பச் சொல்லவில்லை.

அப்புறம் காபி. குடிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு, நம் பித்தளை டம்ளர் அளவில். கொழுப்பு குறைத்த பாலில், சர்க்கரை அரை டீஸ்பூன். முதல் வாரம் முகம் சுளிப்பார். ராத்திரி மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். ராத்திரி காபி குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறவரிடம் வேறென்ன சொல்வது?